கடைசல் மெசினைக் கூறு போட்ட கதை

முந்தல் சந்தியைத் தாண்டும்போது வெயில் வலது கன்னத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. புத்தளத்துக்குப் போகும் பெரிய ரோட்டில் கல் சுடும் என்பதால் ஓரத்து மணலில் நடந்தேன். காற்சட்டைப் பையில் அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு. வயது பன்னிரண்டு. யாரும் என்னைத் துரத்தவில்லை. யாரும் அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

தில்லையடியில் ஒரு ஹாஜியாரின் எண்ணெய் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். அவரிடம் சொல்ல ஒரு பேச்சு வைத்திருந்தேன். உங்களுடைய எஞ்சின் தண்டை அப்பாவால் இப்போது கடைந்து தர முடியாது, பிழை அப்பாவுடையது அல்ல, என்னுடையது, ஆகவே அந்த வேலையை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். புறப்படும்போது இது நீளமாகவும் அழகாகவும் இருந்தது. நடக்க நடக்கக் குறைந்துகொண்டு வந்தது. மதுரங்குளியில் ஒரு தேங்காய் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டபோது, "பிழை என்னுடையது" என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

எங்கள் ஊர் கடலுக்கும் களப்பு என்கிற உப்பேரிக்கும் நடுவில் கிடந்த மணல். ஒரு மாதா கோயில், நாற்பது வீடு, எல்லா வீட்டுக்கும் கரைவலைதான் சோறு. கரைவலை ஓர் ஆளின் சொத்து அல்ல. ஒவ்வொரு பங்குகாரனும் ஒவ்வொரு துண்டு வைத்திருப்பான். பருவம் தொடங்கும்போது எல்லாத் துண்டையும் கோர்த்து ஒரே வலையாகக் கடலில் இறக்குவார்கள். தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கிக் கடல் கெட்டுப்போனதும் கோர்வையைப் பிரித்து, அவரவர் துண்டை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய், பனிச்சங்காய்ச் சாயத்தில் தோய்த்துக் காயவைத்து, அடுத்த பருவம் வரை பத்திரப்படுத்துவார்கள். பிறகு மறுபடி கோர்ப்பார்கள். வலைக்கு அதனால் ஒரு குறையும் வந்ததில்லை.

மீனைப் பங்கிடுவதற்கும் ஒரு முறை இருந்தது. மீனைக் கூறு கூறாக மணலில் வைப்பார்கள். யார் எந்தக் கூறை எடுப்பது என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை வரும். ஆகவே ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, கடலைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொல்வார்கள். பின்னால் ஒருவர் ஒரு கூறில் கையை வைத்து, "இது ஆருக்கு?" என்பார். பிள்ளை திரும்பிப் பார்க்காமல் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அதற்குமேல் யாரும் கதைக்கக் கூடாது, கதைத்ததும் இல்லை. இரண்டு பருவமாக எங்கள் வலைக்கு அந்தப் பிள்ளை நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்ட எனக்கு ஊரில் இருந்த ஒரே உத்தியோகம் அது.

அப்பா கடலுக்குப் போவதில்லை. வள்ளத்தில் கால் வைத்தால் வாந்தி எடுப்பார். மீன்காரர் ஊரில் இது ஒரு நொண்டித்தனம். அதனால் அவருடைய தகப்பன், என் அப்பப்பா, அவரைச் சின்ன வயதிலேயே முந்தலில் ஒரு தேங்காய்த் தும்பு மில்லுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவர் இரும்பு கடையப் பழகினார். மில் மூடப்பட்டபோது, அங்கிருந்த பழைய கடைசல் மெசினை அப்பப்பா மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓலைக் கொட்டிலில் நிறுத்தினார். ஒரு நல்ல பருவத்து மீன் முழுவதும் அதற்குப் போனது என்று சொல்வார்கள். பிறகு அவர் இறந்துபோனார். வலையின் துண்டுகள் பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் என்று மூன்றாகப் போயின. மெசின் மட்டும் நாலு காலில் ஒன்றாக நின்றது. நின்ற இரும்பை எப்படிப் பிரிப்பது என்று யாருக்கும் தெரியாததால் அதைப் பற்றிக் கதையே எழவில்லை.

ஒரு பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினால் வார்ப்பட்டி மெசினைச் சுழற்றும். கடல் இல்லாத நாளில் சித்தப்பா சுற்றுவார், மற்ற நாளில் நான். அப்பா வள்ளங்களுக்குச் சுக்கான் ஆணியும், மில்களுக்குப் பித்தளைப் புஷ்ஷும், கிணற்றுக் கப்பிக்கு அச்சும் கடைவார். வேலைக்குக் கிடைப்பது மூன்று வீட்டு அரிசிப் பானைக்கும் போகும். பெரியப்பா அதைக் கேட்டு வாங்கியதில்லை. அப்பாதான் சனிக்கிழமைகளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து நெடுநேரம் கை கழுவுவார்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலம் வந்து கப்பல்கள் குறைந்தன. கொழும்பிலிருந்து ஒரு சாமானும் வராது என்று ஆனதும் அப்பாவைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தில்லையடி ஹாஜியாரின் மில்லில் எஞ்சின் தண்டு தேய்ந்திருந்தது. அப்பா இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டாம் முறை வந்தபோது அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"அந்தத் தண்டைச் சரியாக் கடைஞ்சு குடுத்தா ஹாஜியார் நிரந்தரமா வேலை தருவார். பிறகு இந்தக் கடல் வேணாம்."

"கடலுக்கு நீங்க எப்ப போனீங்க?" என்றாள் அம்மா. ஆனால் முகம் சிரித்திருந்தது.

தண்டைக் கடைய முன் மெசினைக் கழற்றிச் சர்வீஸ் செய்ய வேண்டும் என்றார் அப்பா. அது உண்மைதான். மெசினுக்கு எங்களிடம் இருந்த எண்ணெய் தேங்காயெண்ணெய் ஒன்றுதான். பல வருடத்துத் தேங்காயெண்ணெய் காய்ந்து பாகாகி, அதில் இரும்புத் தூளும் மணலும் ஒட்டி, ஒவ்வொரு பல்லுச் சில்லும் கருப்பட்டியில் விழுந்து எழுந்ததுபோல் இருந்தது. சுழலும்போது மெசின் இருமும். இருமுகிற மெசினில் தண்டு வட்டமாக வராது.

மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைத்த நாட்கள். அம்மா விளக்குக்கு வைத்திருந்த போத்தலை எடுத்து வந்து கொட்டிலில் வைத்தாள். அதனால் எங்கள் வீட்டில் விளக்கு எரியவில்லை. பொழுது பட்டதும் படுத்துவிட்டோம்.

முதல் நாள் அப்பா வார்ப்பட்டியை உருவினார். பிறகு இரும்பைக் கவ்விப் பிடிக்கும் சக், பிறகு கத்தி ஏறி ஓடும் வண்டி, அதன் கீழ் நீளத் திருகாணி, கடையும் இரும்பின் மறுமுனையைத் தாங்கும் வால். சுத்தியலை என் கையில் தரவே இல்லை. பாலை மரத்தில் செய்த ஒரு கட்டையால் தட்டித் தட்டித்தான் எதையும் எடுப்பார். எந்தத் துண்டு எதோடு சேர்வது என்று தெரிய இரண்டிலும் ஆணியால் புள்ளி குத்தி வைத்தார். ஒரு புள்ளி ஒரு புள்ளியோடு, மூன்று புள்ளி மூன்று புள்ளியோடு. கழுவிய நட்டுகளை நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் குவித்தபோதுதான் அவர் முதல்முறை சத்தம் போட்டார்.

"நட்டை அதன்ர போல்ட்டிலயே பூட்டி வை. ஆள் மாத்தினா ரெண்டும் அழும்."

மெசினின் தலைப் பக்கத்தில் ஒரு கனத்த வார்ப்புப் பெட்டி உண்டு. அதை நாங்கள் தலை என்போம். அதற்குள் இரண்டு வெண்கலப் புஷ்ஷில் மெசினின் சொந்தத் தண்டு படுத்திருக்கும். சக் பூட்டுவது அந்தத் தண்டில்தான். மெசின் என்பதே அந்தத் தண்டுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிடித்த குடை என்பார் அப்பா. இரண்டாம் நாள் அதை வெளியே எடுத்தார். எடுப்பதற்கு முன் இருவரும் கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டோம்.

"எங்கட தோலிலயே உப்பு இருக்கு. வெறுங்கை பட்டா நாளைக்கு அந்த விரல் அடையாளம் துருவா நிக்கும்."

தண்டு வெண்கலத்தில் படுத்திருந்த இடம் இரண்டும் கண்ணாடி. என் முகம் அதில் வாழைப்பழம்போல் நீண்டு தெரிந்தது. அப்பா அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு துடைத்து எண்ணெய் பூசித் திரும்பவும் தலைக்குள் படுக்கவைத்து, தன் பழைய இடுப்புச் சாரத்தைக் கிழித்து எண்ணெயில் தோய்த்து, தலை முழுவதையும் சுற்றிக் கட்டினார். அவர் எந்தப் பொருளையும் அவ்வளவு மெதுவாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் கால்களையும் கழற்றினார். ஒவ்வொரு பாதத்திலும் ஒரு போல்ட்டு ஓட்டை. துணியை விரலில் சுற்றி நாலையும் துடைத்தேன். சும்மா இருக்க முடியாத பிள்ளை என்பதால் அளந்தும் பார்த்தேன். ஓர் ஓட்டையிலிருந்து மற்றதற்கு அகலத்தில் என் கையால் இரண்டு சாண் நாலு விரல். வேப்பம்பலகையில் நாலு பெட்டியும் அடித்து வைத்திருந்தார் அப்பா. கழற்றின சாமானுக்குப் பெட்டி வேண்டும்தானே என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை அவருக்குக் குளிர்காய்ச்சல் பிடித்தது. அந்தப் பக்கத்தில் அது புதினமில்லை. வருடத்தில் இரண்டு முறையாவது வீட்டில் ஒருவர் சாக்குப் போர்வைக்குள் நடுங்குவார். அம்மா கொயினா மருந்து வாங்க முந்தலுக்கு நடந்தாள். போகும்போது என்னிடம் சொன்னாள்: "சாமானைப் பாத்துக்கொள். கோழி ஏறாம."

கோழி ஏறவில்லை. பத்து மணிபோலப் பெரியப்பாவும் சித்தப்பாவும் வந்தார்கள். அன்று காலைதான் கரையில் வலையைப் பிரித்திருந்தார்கள். இருவர் தோளிலும் ஈரமான வலைத்துண்டு. கொட்டிலில் பாய்களின் மேல் மெசின் கிடந்த கிடையைப் பார்த்து இருவரும் நின்றுவிட்டார்கள்.

"உசிரோட நிக்கேக்க மலை மாதிரி இருந்துது. பிரிச்சா இவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா.

"கொப்பா எங்க?" என்று அப்பாவைத் தேடினார் பெரியப்பா.

"காய்ச்சல், பெரியப்பா. உள்ள கிடக்கிறார்."

பெரியப்பா வலையை இறக்கி வைத்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. கோயிலில் பூசைக்கு முதல் வரிசையில் நின்று, கடைசிவரை முழங்காலில் இருப்பவர். ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"வலையும் பிரிச்சாச்சு, இதுவும் பிரிஞ்சு கிடக்கு. எங்கட அப்பு போய்ச் சேந்து ஆறு வருசம். இதைவிட நல்ல நாள் வராது. கூறு வைப்பம்."

"அண்ணைக்குச் சொல்லாமலா?" என்றார் சித்தப்பா.

"காய்ச்சல்காரனை எழுப்பப்படாது. பிறகு வேலை வந்தா மூண்டு பேரும் கொண்டுவந்து கோர்க்கிறதுதானே. வலைக்கு என்ன வந்துது?" பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பேர் சொல்ல ஆளும் நிக்கிறான்."

எனக்கு நெஞ்சு விரிந்தது. மீனுக்குப் பெயர் சொன்ன பிள்ளை இப்போது இரும்புக்குச் சொல்லப் போகிறான். அது மட்டும் என்றாலும் பரவாயில்லை. கூறு வைக்கவும் நான்தான் உதவினேன். இரண்டு பேருக்கும் எது என்னவென்று தெரியாது. வாலை எடுத்துத் தலையோடு வைத்தார் சித்தப்பா. "அது வேற, இது வேற" என்று நான் மாற்றி வைத்தேன். ஒரு கூறில் வண்டி ஓடுகிற நீளப் படுக்கையும் கால்களும். ஒன்றில் தலையும் அதற்குள் இருந்த தண்டும். மற்றதில் வால், வண்டி, திருகாணி, சக், பல்லுச் சில்லுகள். மூன்றும் ஏறக்குறையச் சமமாகக் கனத்தன. ஒரு கூறு இலேசாகத் தெரிந்தபோது பெரிய பல்லுச் சில்லொன்றை அதில் தூக்கி வைத்தவனும் நான்.

"பொடியனுக்கு நியாயம் தெரியும்," என்றார் பெரியப்பா.

திரும்பி நின்றேன். பனைகளுக்கிடையில் கடல் தெரிந்தது.

"இது ஆருக்கு?"

"பெரியப்பாக்கு."

"இது ஆருக்கு?"

"சித்தப்பாக்கு."

மூன்றாவதைக் கேட்கத் தேவையில்லை. ஆனால் முறை முறைதான்.

"இது ஆருக்கு?"

"எங்களுக்கு!"

கரையில் சொல்வதுபோல் உரத்துத்தான் சொன்னேன். திரும்பிப் பார்த்தபோது சித்தப்பா தலையைத் தோளில் ஏற்றிக்கொண்டிருந்தார். படுக்கையைத் தூக்க இரண்டு ஆட்கள் கரையிலிருந்து வந்தார்கள். அரைமணி நேரத்தில் முடிந்துவிட்டது.

அம்மா கொயினாவோடு வந்தாள். வேலிப் படலையைத் திறந்தவள் அதைப் பிடித்தபடியே நின்றாள். பாய் இரண்டு வெறுமையாகக் கிடந்தது. நான் ஓடிப்போய், கூறு போட்டாயிற்று என்றும், நான்தான் பெயர் சொன்னேன் என்றும் சொன்னேன். என்னைப் பார்த்தாள். தெருவில் போகிற ஒரு பொடியன் தன் வீட்டு முற்றத்தில் ஏன் நிற்கிறான் என்று யோசிப்பவள்போல் பார்த்தாள். மகிழ்ச்சியான செய்தியைச் சொன்ன என் வாய் அப்படியே சிரித்தபடி இருந்தது. அதை மூடுவது எப்படி என்று தெரியவில்லை.

"அப்பாக்குச் சொல்லாதே," என்றாள் கடைசியில்.

ஐந்து நாள் காய்ச்சல். ஆறாம் நாள் அப்பா எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தார். முகம் கழுவி, சட்டை போட்டுக்கொண்டு, "வா" என்றார். போனோம்.

பெரியப்பா வீட்டு முற்றத்தில் ஒரு பழைய தோணியைச் சாயத் தொட்டியாக வைத்திருந்தார்கள். காய்ச்சி ஊற்றிய பனிச்சங்காய்ச் சாயத்தில் ஆவி பறந்தது. அதற்குள் பெரியப்பாவின் வலைத்துண்டு கிடந்தது. வலைத்துண்டின் கீழே மெசினின் படுக்கை கிடந்தது.

"நாலு நாளா ஊறுது, தம்பி," என்றார் பெரியப்பா. உண்மையான பாசத்தோடு சொன்னார். "கடல் காத்துக்கு இரும்பு நிக்காது. இதில ஊறினா மூண்டு வருசத்துக்கு அசையாது. உனக்காகத்தான் விறகு எரிக்கிறன்."

இரண்டு பேர் பிடித்து வெளியே எடுத்துக் காட்டினார்கள். வண்டி ஓட வேண்டிய வெள்ளி விளிம்பு இரண்டும் மையைப்போல் கறுத்து, அட்டை ஊர்ந்ததுபோல் வழவழத்தன. அப்பா அதைத் தொட்டார். கையைச் சாரத்தில் துடைத்தார். "நல்லது, அண்ணை" என்றார்.

சித்தப்பாவின் வாடிக் கொட்டில் கரையில் இருந்தது. கருவாட்டுக்கு மீனை உப்பில் ஊறவைக்கும் பெரிய மரத்தொட்டி அங்கே உண்டு. மீன் மேலே கிளம்பாமல் இருக்கப் பலகையை வைத்து, அதன்மேல் கல்லேற்றுவார்கள். நாங்கள் உள்ளே போனபோது கல் இல்லை. பலகையின் மேல் மெசினின் தலை உட்கார்ந்திருந்தது. உப்புத் தண்ணீர் அதன் பாதிவரை ஏறியிருந்தது.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது. இரும்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். சுற்றிக் கட்டியிருந்த துணி இல்லை.

"துணி எங்க?" என்றார் அப்பா. அவர் குரலே இல்லை அது.

"அந்த எண்ணெய்ச் சீலையா? மீனில எண்ணெய் இறங்கிப் பழுதாப் போகுமெண்டு என்ர மனுசி கழட்டிப்போட்டாள்," என்றார் சித்தப்பா. "கல்லைவிட இது நல்லா இருக்கு, அண்ணை. அசையாம நிக்குது."

அப்பா மூடியைத் திறந்து தண்டை எடுத்தார். என் முகம் நீண்டு தெரிந்த இடத்தில் செம்மண். அப்பா சாரத் தலைப்பால் துடைத்தார். துரு வந்தது. துருவுக்குக் கீழே அம்மைத் தழும்புபோல் குழி குழியாக இருந்தது. பெருவிரல் நகத்தை அதன்மேல் மெதுவாக இழுத்தார். நகம் தடக்கித் தடக்கிப் போகிற சத்தம் எனக்குக் கேட்டது. அலைச்சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை செய்து எத்தனையோ சத்தம் கேட்டிருக்கிறேன். அதைப்போல் ஒன்றை இன்னும் கேட்கவில்லை.

சித்தப்பாவும் எட்டிப் பார்த்தார். "கொஞ்சத் துருதானே. தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்ச்சா போயிடும்."

"ஓம்," என்றார் அப்பா. "போயிடும்." தண்டைத் திரும்பவும் தலைக்குள் படுக்கவைத்து, மூடியைப் பூட்டி, நட்டை அதனதன் போல்ட்டில் முறுக்கிவிட்டு வெளியே வந்தார்.

கரையோரமாக நடந்தோம். பாதி வழியில் அவர் சாரத்தோடு ஈர மணலில் உட்கார்ந்துவிட்டார். அலை வந்து இடுப்புவரை நனைத்துவிட்டுப் போனது. கடல் தண்ணீரில் காலே வைக்காத மனிதர். நான் எழுப்பவும் இல்லை, உட்காரவும் இல்லை. அடி விழும் என்று காத்து நின்றேன். முதுகைக்கூடக் கொஞ்சம் வளைத்து வைத்துக்கொண்டேன்.

"நான் கேட்டுக்கொண்டுதான் கிடந்தன்," என்றார். "நித்திரை இல்லை. நீ பேரெல்லாம் சரியாத்தான் சொன்னாய்."

வளைத்த முதுகை நிமிர்த்தினேன். ஓலைச் சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று முழத் தூரத்தில் விழித்துக்கொண்டு கிடந்த மனிதர், ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். பெரியப்பா கூறைக் கலைத்திருப்பார், வெட்கப்பட்டுமிருப்பார். ஏன் சொல்லவில்லை? என்னிடம் சொல்லிய அந்தப் பாராட்டைவிட ஐந்து அறை இலேசாக இருந்திருக்கும். மறுநாள் விடிய, அம்மா கிணற்றடியில் நின்ற நேரம் பார்த்து, நடக்கத் தொடங்கினேன்.

தேங்காய் வண்டி பாலாவியில் திரும்பிவிட்டது. மிச்ச வழியையும் நடந்து தில்லையடி மில்லுக்கு வந்து சேர்ந்தபோது பின்னேரத் தொழுகை முடிந்து ஆட்கள் பள்ளிவாசலிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். ஹாஜியார் ஊரில் இல்லை. எஞ்சினைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன்.

"ஆருட மகன் நீ?"

"கடைசல்காரர்ர மகன். முந்தல் பக்கம்."

"அல்லாஹ்வே! நடந்தா வந்த? முதல்ல குடி." தேத்தண்ணியும் கால் றாத்தல் பாணும் தந்தார். நான் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வாப்பாக்குக் காய்ச்சல் எண்டு கேள்விப்பட்டம். இப்ப சுகமா? அப்ப மெசின் எந்த நாள் ஏத்துற? லொறி நிக்குது. பெற்றோல் கூப்பனும் எடுத்து வெச்சாச்சு."

பாணைக் கீழே வைத்தேன். "மெசினா? தண்டுதானே அங்க வரும்?"

நானா சிரித்தார். "தண்டு அங்க வாறதா? மெசின் இங்க வாறது, மகன். உனக்கு ஒண்டும் சொல்லல்லயா? வா காட்டுறன்."

எஞ்சின் அறைக்குப் பக்கத்தில் தகரம் போட்ட புதுக் கொட்டில். நடுவில் சீமெந்து மேடை. காய்ந்து அதிக நாளாகாத சீமெந்து, கரையில் வெள்ளை பூத்திருந்தது. அதிலிருந்து நாலு போல்ட்டு மேலே நீட்டிக்கொண்டிருந்தன, துரு ஏறாமல் எண்ணெய்ச் சாக்குச் சுற்றி. நான் குனிந்து கையை வைத்தேன். அகலத்தில் இரண்டு சாண் நாலு விரல். திரும்பவும் வைத்தேன். இரண்டு சாண் நாலு விரல்.

"உன் வாப்பாதான் வந்து அளவு குடுத்தார். அந்தப் பக்கம் ஒரு வீடும் பாத்து வெச்சீக்கி. உம்மாவும் நீயும் வந்து இருக்கலாம். கிணறும் நல்ல தண்ணி."

"பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் வாறதா?" என்று கேட்டேன்.

"அவங்க ஆரு?" என்றார் நானா.

நான் மேடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மெசின் தன்னுடையது எண்டுதான் வாப்பா சொன்னார். ஏன், வேற ஆருக்கும் பங்கு ஈக்கியா?"

அதிர்ச்சி என்றால் இடி விழுந்ததுபோல் என்பார்கள். எனக்கு அப்படி இருக்கவில்லை. நின்ற தரை என் காலைக் கேட்காமல் ஒரு சாண் தள்ளிப்போனதுபோல் இருந்தது. சனிக்கிழமைகளில் மூன்று வீட்டுக்கும் பங்கு கொண்டுபோன அப்பா. நட்டைக்கூட ஆள் மாற்றக் கூடாது என்ற அப்பா. அவர் அண்ணனுக்கும் தம்பிக்கும் சொல்லாமல் மெசினைப் பெட்டியில் போட்டு லொறியில் ஏற்ற இருந்தார். காய்ச்சல் இரண்டு நாள் பிந்தி வந்திருந்தால் ஏற்றியிருப்பார். ஓலைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தவர் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வார்?

இதெல்லாம் அந்த நேரம் எனக்கு இவ்வளவு ஒழுங்காக வரவில்லை. வந்தது ஒரே ஒரு சொல்: கள்ளன். அதை என் அப்பாவோடு சேர்த்து நினைத்த வெட்கத்தில், வழி முழுவதும் சுமந்து வந்த "பிழை என்னுடையது" எங்கே போனதென்றே தெரியவில்லை. அதைச் சொல்லவே இல்லை.

ஒரு மனிதன் வாழ்நாளில் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் கேட்டு வாங்கத் தெரியாமல் களவாக எடுக்கப் பார்த்தான் என்பது பன்னிரண்டு வயதில் தெரிகிற விஷயம் அல்ல.

"என்ன மகன், முகம் ஒரு மாதிரி? மெசின் வருமா வராதா? ஹாஜியார் வந்தா நான் ஒரு பேச்சுச் சொல்ல வேணும்."

"வராது," என்றேன்.

நானா என்னை ஒரு நிமிடம் பார்த்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். எல்லாம் தலைவிதி என்பதுபோல் "நசீபு," என்றார். அவர் கேட்டது மெசினைத்தான். ஆள் வருவாரா என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்களுக்குக் கைவேலை தெரிந்த ஓர் ஆள் தேவையாக இருந்தது. அந்த மில்லில் அப்பாவுக்கு மெசின் இல்லாமலும் ஒரு வேலை இருந்திருக்கும், அந்த வீடும் கிணறும் இருந்திருக்கும். மெசின் வேறு, அப்பா வேறு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

அன்று கொப்பராச் சாக்கின் மேல் படுத்தேன். காலையில் நானா தட்டி எழுப்பி, வீட்டுக்குப் போகிறாயா, வேலை செய்கிறாயா என்று கேட்டார். வேலை என்றேன். மெசின் வராது என்றானபின் அந்தக் கொட்டிலில் கொப்பரா மூட்டை அடுக்க ஹாஜியாரின் மருமகன் சொல்லிவிட்டாராம். நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டில் சாக்குக் கிழியும். நானா இரும்பு அறுக்கும் வாள் ஒன்றையும் கொஞ்சம் தேங்காயெண்ணெயையும் கொண்டுவந்து மேடையில் வைத்தார்.

"நாலையும் அடியோட அறு. தெரியுமா?"

தெரியும் என்றேன். எண்ணெய்ச் சாக்கை அவிழ்த்துவிட்டு முதல் போல்ட்டில் வாளை வைத்தேன். புது இரும்பு. மத்தியானத்துக்கு முன் இரண்டுதான் முடிந்தது.